எம்எல்ஏ கமிட்டி குடிச்ச நிச்சயதார்த்தத் தயிர்

போன வாரம் எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. புத்தலப்பட்டுல தயிர் வாங்கிக்கினு திருப்பதிக்குப் போவணும்.

அவ்ளோதான். இதுல கெடறதுக்கு இன்னா இருக்குதுன்னு கேப்பீங்க. தயிர் கெடும். அதைத் தவிர வேற எதுவும் கெடாதுன்னுதான் நானும் நெனச்சேன்.

விஷயம் இன்னான்னா, என் மச்சான் லோகுவுக்கு நிச்சயதார்த்தம். பொண்ணு ஊடு திருப்பதி. மத்தியான சாப்பாடு நம்ம பொறுப்பு. என் மாமியார் நகரிக்காரங்க. சாப்பாட்டு விஷயத்துல அவங்க வெக்கறதுதான் சட்டம்.

"கடைத் தயிரெல்லாம் வெறும் தண்ணி. புத்தலப்பட்டுல நமக்குத் தெரிஞ்ச எருமைக்காரர் கீறாரு. அவருகிட்ட எருமைத் தயிர் வாங்கியாரணும். பொண்ணு ஊட்டு ஆளுங்க துன்னுட்டு பேரப்புள்ள பொறக்கற வரைக்கும் அதையே பேசணும்"னுட்டாங்க.

எல்லாரும் நகரியிலிருந்து கார்ல நேரா போறாங்க. நான் சித்தூர்ல ஒரு மாம்பழக் கூழ் ஃபேக்டரில கணக்கு எழுதறவன். தோப்புக் கணக்கு பார்க்க அடிக்கடி போற புத்தலப்பட்டு எனக்குத்தான் வழி.

"மாப்பிள்ளை தயிர் மட்டும் எடுத்தாந்தா போதும். வேற ஒண்ணும் செய்யவே வேணாம்"னு மாமியார் சொன்னாங்க.

கல்யாணமாகி இத்தினி வருஷத்துல அவங்க என்னை நம்பிக் குடுத்த முதல் வேலை அது. அந்த 'செய்யவே வேணாம்'ல கொஞ்சம் குத்தல் இருந்தது. இருந்தாலும் நான் அதை மரியாதைன்னே எடுத்துக்கினேன்.

காலைலயே எருமைக்காரர் ஊட்டுக்குப் போயி கேனை ரொப்பி வாங்கினேன். இருவது லிட்டர் கேன். கவுத்தா கூட உழாது, அப்படிக் கெட்டி. ஆட்டோல வெச்சிக்கினு மெயின் ரோட்டு பஸ் ஸ்டாப்புக்கு வந்து இறங்கினேன்.

மூடி கொஞ்சம் லூசு. டீக்கடைக்குப் பின்னாடி நிழல்ல உக்காந்து, கயிறு போட்டு இழுத்துக் கட்டினேன். கட்டி முடிச்சிட்டு முன்னாடி வந்து பார்த்தா, ஸ்டாப்புல ஒரு ஜனம் இல்ல!

நான் ஆட்டோல வந்து இறங்கறப்போ இருந்த காலேஜ் பசங்க இல்ல. கீரைக்கட்டு வெச்சிக்கினு இருந்த அம்மா இல்ல. வெத்தலை போட்டுக்கினு இருந்த பெரியவர் இல்ல. வெறும் போலீஸ்.

நடுவுல நீலச் சட்டை போட்ட ஒரு ஆபீசர், கழுத்துல அட்டை ஆடஆட, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிக்கினு இருந்தார்.

"பப்ளிக் எவரன்னா உன்னாரா? ஒக்க பப்ளிக்! ஒக்கரு சாலு!"

பொதுமக்கள் யாராச்சும் இருக்கீங்களா, ஒரே ஒருத்தர் போதும்னு கூவறார். பாதுகாப்புக்காக ஜனங்களையெல்லாம் விரட்டினது போலீஸ். இப்போ ஜனம் இல்லையேன்னு அலையறது ஆபீசர்.

என்னைப் பார்த்தார். காணாமப் போன தம்பியைக் கண்ட மாதிரி ஓடியாந்து கையைப் புடிச்சிக்கினார்.

"அண்ணா, நீங்க பப்ளிக்கா?"

இந்தக் கேள்வியை அதுவரைக்கும் யாரும் என்னைக் கேட்டதில்ல.

"ஆமா சார், பப்ளிக்தான்"னேன்.

"எங்க போவணும்?"

"திருப்பதி. கல்யாண மண்டபம்."

"மண்டபத்து வாசல்லயே எறக்கி உட்டுர்றோம். டிக்கெட் கெடையாது. ஏசி பஸ். சும்மா உக்காந்து வந்தா போதும். யாராச்சும் கேள்வி கேட்டா நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்க."

அப்புறம்தான் விவரம் சொன்னார். அசெம்பிளியிலிருந்து எம்எல்ஏ கமிட்டி ஒண்ணு வந்திருக்காம். சுற்றுச்சூழல், புகையில்லாத போக்குவரத்துன்னு கவர்மென்ட் சொன்னதெல்லாம் நடந்திருக்கான்னு ஆபீசருங்களைக் கேள்வி கேக்கற கமிட்டி. ராத்திரி சித்தூர்ல தங்கிட்டு, திருப்பதில நடக்கற மீட்டிங்குக்கு கரண்ட் பஸ்ல வராங்க. ஜனங்களோட ஜனங்களா.

அந்த 'ஜனங்க'தான் நான்.

இங்க ஒரு விஷயம் சொல்லணும். என்னை ஃபேஸ்புக்ல படிக்கறவங்களுக்குத் தெரியும். இந்த ரூட்டுல பஸ் வரலைன்னு நான் எழுதாத நாள் இல்ல. 'கேள்வி கேட்போம்'னு முடிச்சாதான் எனக்குத் தூக்கமே வரும். அப்படிப்பட்டவன் கையில எம்எல்ஏ கமிட்டியே வந்து மாட்டுது! உள்ளுக்குள்ள சிங்கம் ஒண்ணு எழுந்து நின்னுச்சு.

கேனைத் தூக்கிக்கினு சிங்கம், அப்போ வந்து நின்ன பச்சை பஸ்ல ஏறிச்சு.

உள்ள ஜில்லுன்னு இருந்தது. பச்சைக் கலர் சீட்டு. ஜன்னலெல்லாம் திறக்க முடியாத கண்ணாடி. முன் வரிசையில எம்எல்ஏங்க. பின்னாடி 'பயணிகள்'.

பயணிகளைப் பார்த்தேன். எல்லார் சட்டைப் பையிலயும் பேனா. எல்லார் மடியிலயும் ஒரே மாதிரி டிபன் பை. கழுத்து அட்டையைச் சட்டைக்குள்ள தள்ளிட்டாங்க, கயிறு மட்டும் வெளியே தெரியுது.

பக்கத்துல இருந்தவர்கிட்ட, "நீங்க இன்னா வேலை?"ன்னு மெல்ல கேட்டேன்.

"விவசாயி"ன்னார். ஷூவைப் பார்த்தேன். பாலிஷ் போட்டு மின்னுது. சாக்ஸ் வேற.

"இன்னா பயிர்?"

ஒரு நிமிஷம் யோசிச்சார். "அது இன்னும் எனக்குச் சொல்லலை"ன்னார்.

பஸ் கிளம்பிச்சு. சத்தமே இல்ல. நிஜமாவே நல்ல பஸ்தான், குறை சொல்லக் கூடாது. முன்னாடி கண்ணாடி போட்ட ஒரு எம்எல்ஏ மேடம் எழுந்து, கம்பியைப் புடிச்சிக்கினு, ஆபீசரைக் கேக்க ஆரம்பிச்சாங்க.

"ஒரு தடவை சார்ஜ் போட்டா எவ்ளோ தூரம் ஓடும்?"

"அது வந்து மேடம், ரோட்டைப் பொறுத்தது. வெயிலைப் பொறுத்தது. ஆளுங்க வெயிட்டைப் பொறுத்தது."

"அதெல்லாம் பொறுத்துட்டு எவ்ளோ ஓடும்?"

"போதுமான அளவு ஓடும் மேடம்."

"சித்தூர்ல சார்ஜ் போடற ஸ்டேஷன் திறந்தாச்சு இல்ல?"

"திறந்தாச்சு மேடம். ரிப்பன் வெட்டியாச்சு."

"கரண்ட் குடுத்தாச்சா?"

"அது வேற டிபார்ட்மென்ட் மேடம்."

எனக்கு இங்க கை தட்டணும் போல இருந்தது. நான் பக்கம் பக்கமா எழுதியும் வராத பதிலு, மேடம் கேட்டவுடனே வெளிய வருது. கமிட்டின்னா இப்படி இருக்கணும்!

மேடம் பின்னாடி வந்தாங்க. ஒவ்வொரு சீட்டா கேட்டுக்கினு வந்தாங்க.

"இந்த பஸ் எத்தினி நேரத்துக்கு ஒண்ணு வருது?"

"அர மணிக்கு ஒண்ணு மேடம்"னாரு நம்ம விவசாயி.

அடப்பாவி! அதே ஸ்டாப்புல நான் நின்னு நின்னு காலு வீங்கினவன்யா! இந்தப் பச்சை பஸ்ஸை என் கண்ணால பார்த்ததே இல்ல.

மேடம் என்கிட்ட வந்தாங்க. கூடவே டிவி கேமரா ஒண்ணும் வந்தது. விளக்கு மூஞ்சி மேல அடிச்சது.

"நீங்க செப்பண்டி. பஸ் எப்படி இருக்கு?"

சிங்கம் வாயைத் திறந்தது.

அப்போ பார்த்து மேடத்துக்குப் பின்னாடி நீலச் சட்டை ஆபீசர் ரெண்டு கையையும் கூப்பிக்கினு நிக்கறார். அப்புறம் ஒரு விரலால கேனைக் காட்டினார். அப்புறம் கையால மண்டபம், வாசல், எறக்கி வெக்கறதுன்னு ஊமை ஜாடை போட்டுக் காட்டினார்.

"சூப்பர் மேடம்"னேன்.

என் குரல்தான் அது. எனக்கே சந்தேகமா இருந்தது.

"தினம் இதுலதான் போவீங்களா?"

"இதை உட்டா வேற எதுல மேடம் போவேன்!"

பாருங்க. ஒரு கேன் தயிரை வாசல்ல எறக்கி வெக்கறதுக்காக, எழுதின அத்தினி போஸ்டையும் ஒரே நிமிஷத்துல வித்துட்டேன்.

மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. நம்பலைன்னு தெரிஞ்சது. அடுத்த சீட்டுக்குப் போயிட்டாங்க. அது திட்டினதை விட மோசம்.

அதோட உட்டுதா? முன் சீட்ல இருந்து கமிட்டி தலைவர் திரும்பினார். பெரிய உடம்பு, தோள்ல சரிகைத் துண்டு. அதுவரைக்கும் கண்ணை மூடிக்கினு இருந்தவர். என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

"பிரயாணிகுலு பெரிகாரா?"

பயணிகள் கூட்டம் பெருகி இருக்கான்னு கேட்டிருக்கார். நான் பத்தாவது வரைக்கும் தெலுங்கு மீடியம். சாமி சத்தியமா எனக்குத் தெலுங்கு தெரியும். ஆனா காலைலேர்ந்து என் தலை முழுக்க இருந்தது தயிர். தயிருக்குத் தெலுங்குல 'பெருகு'. என் காதுல அதுதான் உழுந்தது.

"பெருகா சார்? உந்தி சார்! கேன் நிண்டா உந்தி!"

இருக்குது சார், கேன் நிறைய இருக்குதுன்னு நெஞ்சை நிமித்திக்கினு சொல்லிட்டேன்.

பஸ்ஸே சிரிச்சது. டிரைவர் கண்ணாடியில பார்த்துச் சிரிச்சார். தலைவரும் வயிறு குலுங்கச் சிரிச்சார். சிரிச்சு முடிச்சிட்டு, கேனை ஒரு பார்வை பார்த்தார். நான் அப்பவே உஷாராயிருக்கணும்.

சந்திரகிரிக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருந்தது. பஸ் மெதுவாச்சு. இன்னும் மெதுவாச்சு. ஒரு சைக்கிள்காரர் எங்களைத் தாண்டிக்கினு போனார், திரும்பித் திரும்பிப் பார்த்துக்கினே. அப்புறம் பஸ் நின்னுடுச்சு.

ஏசி நின்னுச்சு. விளக்கு நின்னுச்சு.

"இன்னாச்சு?"ன்னாங்க மேடம்.

டிரைவர் எழுந்து நின்னார். "சார்ஜ் இல்ல மேடம். எம்எல்ஏங்க ஏறறப்போ ஜில்லுன்னு இருக்கணும்னு விடியலேர்ந்து ஏசி போட்டு வெக்கச் சொன்னாங்க. நின்ன எடத்துலயே பாதி போயிருச்சு."

ஆபீசர் டிரைவரை முறைச்சார். டிரைவர் ஏசி மெஷினை முறைச்சார்.

"கார் எங்கய்யா?"ன்னார் தலைவர்.

அங்கதான் மாட்டினாங்க. கரண்ட் பஸ்ஸுக்குப் பின்னாடி வரிசையா டீசல் கார் வந்தா போட்டோவுல நல்லா இருக்காதுன்னு, காரையெல்லாம் முன்னாடியே திருப்பதிக்கு அனுப்பிட்டாங்களாம்.

ஜன்னல் திறக்காது. உள்ள வேகுது. எல்லாரும் இறங்கினோம். ரோடு நல்லா அகலமா, தார் மின்னுது. ஒரு மரம் இல்ல. ரோட்டை அகலம் பண்ணும்போது புளியமரத்தையெல்லாம் வெட்டிட்டாங்க.

"நிழல் எங்கய்யா?"ன்னார் தலைவர், துண்டைத் தலையில போட்டுக்கினு.

"அதோ சார், வெட்டினதுக்கு பதிலா செடி நட்டிருக்கோம்"னு ஆபீசர் கையைக் காட்டினார்.

பார்த்தோம். ஒரு இரும்புக் கூண்டு. உள்ள ஒரு காஞ்ச குச்சி.

"இது வளந்து நிழல் குடுக்கற வரைக்கும் நாங்க இங்கயே நிக்கணுமா?"ன்னாங்க மேடம்.

"பராமரிப்பு வேற டிபார்ட்மென்ட் மேடம்."

கடைசில எல்லாரும் பஸ் நிழல்லயே ஒண்டினோம். எம்எல்ஏ, ஆபீசர், பேனா வெச்ச பயணிங்க, நான், என் கேன். தண்ணி கேட்டார் தலைவர். தண்ணி இல்ல. பிளாஸ்டிக் பாட்டில் இருந்தா கமிட்டி கேள்வி கேக்கும்னு, பஸ்லேர்ந்து பாட்டிலையெல்லாம் எடுத்துட்டாங்களாம். அதுக்கு பதிலா மீட்டிங் டீக்குன்னு மண் டம்ளர் ஒரு பெட்டி நிறைய இருந்தது. டம்ளர் இருக்குது, ஊத்தத்தான் ஒண்ணுமில்ல.

அப்புறம் ஒவ்வொருத்தரா கேனைப் பார்த்தாங்க.

நான் கேன் மேல உக்காந்துக்கினேன்.

ஆபீசர் வந்து காதுல, "அண்ணா, பெரியவருக்கு சுகர். மயக்கம் வந்துட்டா என் வேலை போயிரும். ஒரே ஒரு டம்ளர்"னார்.

"சார், நிச்சயதார்த்தம் சார். மாமியார் சார்."

"ஒரே டம்ளர் அண்ணா."

ஒரு டம்ளர்தானேன்னு எழுந்தேன். ரோட்டுக்கு அந்தாண்ட மாந்தோப்பு போர் பம்புல டிரைவர் பக்கெட்டுல தண்ணி புடிச்சாந்தார்; வெறுமனே குடிக்க முடியாத சப்புத் தண்ணி, மோருக்கு ஆவும். தன் டிபன் பையிலேர்ந்து உப்பும் பச்சைமிளகாயும் ஒரு கரண்டியும் எடுத்துக் குடுத்தார். கலக்கி தலைவர் கையில குடுத்தேன். ஒரே மூச்சுல குடிச்சிட்டு, மீசையைத் துடைச்சிக்கினு, கண்ணை மூடித் திறந்தார்.

"சால பாகுந்தி! மஜ்ஜிகன்னா இது மஜ்ஜிக! எந்த ஊரு எருமை?"

மோருன்னா இதுதான் மோருன்னு ஒரு எம்எல்ஏ சொல்றார்! அதுவும் டிவி கேமரா முன்னாடி!

அதுக்கப்புறம் நடந்ததுக்கு யாரையும் குத்தம் சொல்ல முடியாது. யாரும் என்னை மிரட்டல. யாரும் புடுங்கல. நானே ஊத்தினேன். "இன்னும் கொஞ்சம் சார்", "நீங்களும் எடுத்துக்கோங்க சார்", "விவசாயி சார், உங்களுக்கு?"ன்னு கூவிக் கூவி ஊத்தினேன். பந்தோபஸ்துக்கு பஸ்லயே வந்த போலீஸ்காரங்களுக்கு ஊத்தினேன். வழியில போன ஆட்டோக்காரர் மோர்ப் பந்தல்னு நெனச்சு நிறுத்தினார். அவருக்கும் ஊத்தினேன். என் ஊட்ல நான் ஒரு நாளும் யாருக்கும் ஒரு வாய் தண்ணி மொண்டு குடுத்தவன் இல்ல.

கரண்டி அடில தட்டினப்போதான் சுயநினைவு வந்தது.

மேடம் மட்டும் குடிக்கல. "நிச்சயதார்த்தத்துக்குன்னு சொன்னீங்களே, அதை எப்படிங்க குடிக்கறது"ன்னு கேட்டாங்க. அந்தக் கூட்டத்துல வெயில்ல காஞ்சது அவங்க ஒருத்தர்தான்.

இதுக்குள்ள திருப்பதிலேர்ந்து லாரி வந்தது. லாரி மேல இருந்தது டீசல் ஜெனரேட்டர். டபடபடபன்னு ஓட உட்டாங்க. குப்புன்னு கறுப்புப் புகை. அதுலேர்ந்து ஒயரை இழுத்தாந்து கரண்ட் பஸ்ல சொருகினாங்க.

மேடம் மூக்கைப் பொத்திக்கினு கேட்டாங்க. "இது கரண்ட் பஸ்ஸா, டீசல் பஸ்ஸா?"

ஆபீசர் அசரவே இல்ல. "மேடம், புகை லாரிலேர்ந்துதான் வருது. நல்லா பாருங்க, பஸ்லேர்ந்து ஒரு சொட்டு வரல."

காரெல்லாம் திரும்பி வந்து எம்எல்ஏங்களை ஏத்திக்கினு பறந்துச்சு. நானும் பேனாக்காரங்களும் சார்ஜ் ஏறற வரைக்கும் நின்னோம். என் போன் அடிச்சிக்கினே இருந்தது. என் சம்சாரம் கஸ்தூரி.

"இன்னாங்க, எங்க கீறீங்க? பந்தி போடப் போறாங்க!"

"தோ, சந்திரகிரி தாண்டிட்டேன்"னேன். தாண்டல.

"தயிரு?"

"டவர் இல்ல, கட்டாவுது"ன்னு வெச்சிட்டேன். கட்டானது நான்.

சரி, மண்டபத்து வாசல்லயாவது எறக்குவாங்கன்னு பார்த்தா, பஸ் நேரா மீட்டிங் ஹாலுக்குப் போச்சு. "கமிட்டி உங்களை நேர்ல பார்க்கணுமாம். அஞ்சு நிமிஷம்"னு ஆபீசர் என்னையும் காலி கேனையும் உள்ள தள்ளிக்கினு போனார்.

பெரிய ஹாலு. மேடையில எம்எல்ஏங்க. கீழே ஆபீசருங்க வரிசை வரிசையா. மேடம் மைக்கைப் புடிச்சாங்க.

"வழியில பஸ் ஏன் நின்னுச்சுன்னு சொல்லுங்க."

நீலச் சட்டை எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

"மேடம், பஸ் நிக்கல. வெயில் காலத்துல பயணிகளுக்கு மோர் குடுக்கறதுக்காக நிறுத்தினோம்."

ஹாலே கை தட்டுது! நான் கேனைக் கட்டிப் புடிச்சிக்கினேன்.

மேடம் சிரிக்கல. என் பக்கம் திரும்பினாங்க. "நீங்க சொல்லுங்க. இந்த பஸ் தினமும் வருதா?"

மைக் என் கையில. இப்போ தயிரும் இல்ல, மண்டபமும் இல்ல, பயப்படறதுக்கு ஒண்ணுமே மிச்சமில்ல. காலைல படுத்த சிங்கம் மறுபடியும் எழுந்தது. வெயில்ல காஞ்ச அந்த மேடம் மூஞ்சியைப் பார்த்தேன். இவங்களுக்காவது நிஜத்தைச் சொல்லணும்னு தோணுச்சு.

"மேடம், மன்னிச்சிருங்க. பஸ்ல நான் சொன்னது பொய். இந்தப் பச்சை பஸ்ஸை இன்னைக்குத்தான் நான் வாழ்க்கையிலயே முதல் தடவை பார்க்கறேன்."

மனசு லேசாயிடுச்சு.

நீலச் சட்டை துள்ளி எழுந்தார்.

"பாத்தீங்களா மேடம்! புத்தம் புது பஸ்! பயணியே சொல்றார்!"

மறுபடியும் கை தட்டல். முதல் தடவையை விடப் பெருசு.

"இதுக்குப் பேரு பதிலா?"ன்னாங்க மேடம். "நான் கேட்டது—"

"சாப்பாட்டு நேரம் ஆச்சும்மா"ன்னு தலைவர் எழுந்துட்டார். எழுந்தவர் நேரா என்கிட்ட வந்து, ஒரு சால்வையை எடுத்துப் போர்த்தினார். "மஜ்ஜிக மகானுபாவுடு!"ன்னு, மோர் மகான்னு சொல்லி முதுகுல தட்டினார். போட்டோ எடுத்தாங்க. அந்த போட்டோவுல என் மூஞ்சியைப் பார்த்தா, பல்லு புடுங்கிக்கினு வந்தவன் மாதிரி இருக்கும்.

வெளிய வந்தப்போ மேடம் கார்ல ஏறிக்கினு இருந்தாங்க. என்னைப் பார்த்து நின்னாங்க.

"லேட்டா சொன்னாலும் சொன்னீங்களே. அதை நான் எழுதி வெச்சிருக்கேன். திரும்பவும் கேப்பேன்"னாங்க.

அன்னைக்கு முழுக்க எனக்குக் கெடைச்ச ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

ஆட்டோ புடிச்சு மண்டபத்துக்குப் போனேன். பந்தி முடிஞ்சு இலை எடுத்துக்கினு இருந்தாங்க. சால்வை போர்த்திக்கினு, காலி கேனைத் தூக்கிக்கினு நான் உள்ள நுழையறேன். கஸ்தூரி ஓடியாந்து மூடியைத் திறந்து பார்த்தா. உள்ள ஒரு மண் டம்ளர் உருண்டுச்சு.

அவ அம்மா கேட்டாங்க.

"மாப்பிள்ளை, தயிர் எங்க?"

"அத்தை, அது வந்து, கமிட்டி…"

"எங்களுக்குத் தெரியும்"னு லோகு போனை நீட்டினான். டிவில வந்த வீடியோ. நான் கரண்டியும் கையுமா, பல்லெல்லாம் தெரிய, "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா சார்"னு கேக்கறேன். அதுக்கு முன்னாடி "சூப்பர் மேடம்". ரெண்டையும் சேத்து உட்டிருக்காங்க. மண்டபத்துல எல்லாரும் பார்த்துட்டாங்களாம். தயிர் சாதம் இல்லாம ரசத்தோட எழுந்தவங்க, கையைக் கழுவிட்டு உக்காந்து பார்த்திருக்காங்க.

மாமியார் கேன் மூடியை எடுத்து மூடினாங்க. "ஒரு வேலைதான் குடுத்தேன்"னாங்க. குரல் ஒடைஞ்சிருந்தது. கத்தியிருந்தா பரவாயில்ல. எனக்கு நிஜமாவே தலை குனிஞ்சிடுச்சு.

அப்போ பொண்ணோட அப்பா நடுவுல பூந்தார். மூஞ்சியெல்லாம் மலர்ந்திருக்குது.

"சம்பந்தி, உங்க ஊட்டு மாப்பிள்ளைக்கு இவ்ளோ பெரிய இடத்துல பழக்கமா? சொல்லவே இல்லையே! எங்க தெருவுக்கு ரொம்ப நாளா பஸ்ஸே வரல. தலைவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க!"

மாமியார் நிமிர்ந்தாங்க. சம்பந்தியைப் பார்த்தாங்க. என் சால்வையைப் பார்த்தாங்க. கண்ணைத் துடைச்சிக்கினு, "அதுக்கின்னா, சொல்லிட்டா போச்சு. எங்க மாப்பிள்ளை அசெம்பிளிக்கே மோர் ஊத்தறவரு"ன்னாங்க.

எனக்கு மூச்சு வந்தது. கஸ்தூரிக்கு மட்டும் ஆறல. பின்னாடி வந்து மெல்ல சொன்னா. "ஊருக்கெல்லாம் ஊத்தினீங்க இல்ல? இனிமே நம்ம ஊட்லயும் நீங்கதான் ஊத்தணும். இன்னைக்கு ராத்திரிலேர்ந்து." ஊத்திக்கினுதான் கீறேன்.

சரி, பஸ்ஸாவது மிச்சம்னு நெனச்சேன். மேடம் கேள்வி கேட்டாங்க, டிவில வந்தாச்சு, இனிமே புத்தலப்பட்டுல ஒழுங்கா வருமில்ல? நேத்து ஆசையா ஸ்டாப்புல போயி நின்னேன். காலேஜ் பசங்க இருந்தாங்க, கீரைக்கட்டு அம்மா இருந்தாங்க, பஸ் மட்டும் இல்ல. டீக்கடைக்காரர்கிட்ட கேட்டேன்.

"அது தெரியாதா உங்களுக்கு? கமிட்டி அடுத்த ஜில்லாவுக்குக் கேள்வி கேக்கப் போயிருக்குது. பஸ்ஸும் கூடவே போயிருக்குது."